கேப்டன் போட்ட சோறு

கத்திரி அக்காவின் கடையில் தலையைக் கொடுத்தவர்கள் வாயையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். வக்கீலோ, வண்டி ஓட்டுபவரோ, ஆணோ, பெண்ணோ, அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தில் துணி கட்டியதும் மனுஷர்களுக்கு மனசு இளகிவிடுகிறது. அக்கா தலையைக் குனிய வைத்துவிடுவாள். குனிந்த தலைக்குத் தன்னை யாரும் பார்க்கவில்லை என்றொரு நினைப்பு. காதோரம் கத்திரி முணுமுணுக்க, ஆளும் பதிலுக்கு முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவார். அந்தத் தெருவில் யார் யாரோடு பேசுவதில்லை, ஏன் பேசுவதில்லை என்பதெல்லாம் அக்காவுக்கு அத்துப்படி. ஆனால் ஒரு வார்த்தை வெளியே போகாது. அதனால்தான் கடையில் எப்போதும் கூட்டம். வெட்டு சுமார்தான் என்று அவளே ஒப்புக்கொள்வாள்.

பல் டாக்டருக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் இடுக்கி வைத்த மாதிரி ஓர் அறை, அதுதான் கடை. இரண்டு நாற்காலி, ஒரு கண்ணாடி, கூட்டிப் பெருக்கியும் தீராத முடி. அந்தக் கடையைப் பிடிக்க அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. கல்யாணமாகிப் பதினாலு வருஷம் குடித்தனம் நடத்தியவள் அவள். கணவரைக் கெட்டவர் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. "ஈரத் துண்டு மாதிரி ஒரு மனுஷன். தோள்ல போட்டுக்கிட்டே திரிஞ்சேன். கடைசி வரைக்கும் காயவே இல்ல" என்பாள். ஒரு மத்தியானம் சமையலறைக் கத்திரியை எடுத்துத் தன் இடுப்பு வரைக்குமான பின்னலை வெட்டிச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். அவர் தடுக்கவில்லை. பின்னலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம். அப்புறம் ஓர் அழகு நிலையத்தில் முடி பெருக்கி, தலை அலசிவிட்டு, தொழில் கற்று, கடன் வாங்கிக் கடை போட்டாள். ஆண்களுக்கும் வெட்டுவேன் என்று பலகையில் எழுதினாள். அந்தப் பலகைதான் அவளுடைய அண்ணனுக்குத் தொண்டையில் சிக்கிய முள்.

அண்ணன் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைப் பற்றிச் சொல்வதென்றால் மீசையிலிருந்துதான் தொடங்க வேண்டும். இரண்டு பக்கமும் கொக்கி போல மேலே வளைந்து, நுனி ஊசியாக நிற்கிற மீசை. தினமும் காலையில் கூடத்துப் படத்தின் முன்னால் நின்று, அதைப் பார்த்துப் பார்த்துத்தான் கத்தரித்துக்கொள்வார். படத்தில் இருப்பவர் கேப்டன். தங்கப் பின்னல் வைத்த கோட்டு, இடுப்பில் வாள், இரண்டாவது பட்டன் மட்டும் காணோம். முகத்தில், 'என்னைத் தாண்டிப் போய்விடுவாயா?' என்று கேட்கிற ஒரு பார்வை. அவர்தான் கொள்ளுத்தாத்தா. அவர்கள் தாத்தா உயிரோடு இருந்தவரை ஒவ்வொரு வேளையும் சாப்பிட உட்காருமுன் அந்தப் படத்துக்கு ஒரு சல்யூட் வைத்து, "எல்லாம் கேப்டன் போட்ட சோறு" என்பார். அண்ணன் சின்ன வயதில் ஒருமுறை, "கேப்டன் எந்தச் சண்டைக்குப் போனாங்க தாத்தா?" என்று கேட்டு நடுமண்டையில் ஒரு குட்டு வாங்கினார். பெரியவர்களைக் கேள்வி கேட்டால் மரியாதை கெட்டுவிடும் என்பது அந்தக் குடும்பத்தின் சட்டம். அதன்பிறகு யாரும் எதையும் கேட்டதில்லை.

இப்படியிருக்க, அம்மாவுக்கு எண்பது வயது வந்தது. சொந்தபந்தம் அத்தனையையும் கூட்டி விழா வைத்து, எல்லோரும் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வது என்று அண்ணன் முடிவு செய்தார். கூடவே ஒரு பெரிய பலகையில் வம்ச மரம் வரைந்து கூடத்தில் மாட்டவும் ஏற்பாடு. சேதி கேட்டு அக்கா அண்ணன் வீட்டுக்குப் போனாள். மரம் சுவரில் சாய்ந்திருந்தது. உச்சியில் ஒரு பெரிய இலையில் 'கேப்டன்'. பக்கத்து இலையில் 'அவர் மனைவி (பெயர் தெரியவில்லை)'. தாத்தா, அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள், போன மாதம் பிறந்த பேத்தி வரைக்கும் இலை இருந்தது. அக்கா மேலும் கீழும் தேடினாள்.

"என்னோட இலை எங்கண்ணா?"

"இலை தானா உதிர்ந்தா மரம் என்ன பண்ணும்?" என்றார் அண்ணன், தூரிகையைக் கழுவிக்கொண்டே.

அம்மா சோபாவில் உட்கார்ந்து தன் நீண்ட வெள்ளைப் பின்னலை உருவிக்கொண்டிருந்தாள். அந்தப் பின்னலின் கனத்தில் அவளுக்குத் தீராத கழுத்துவலி. மகன் வீட்டில் இருக்கிறவள், மகன் பேச்சுக்கு மறுபேச்சு பேசியதில்லை. அவர் காலை நடைக்குப் போகிற நேரம் பார்த்து மகளுக்குப் போன் செய்வாள். மகளின் கடைக்கு இதுவரை ஒருமுறைகூட வந்ததில்லை. இப்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை. அக்கா அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"நான் என்ன கொலையா பண்ணிட்டேன்?"

"புருஷனை விட்ட. முடியை வெட்டின. கடையில உக்காந்து கண்ட ஆம்பளை தலையைப் பிடிக்கிற. நம்ம வம்சத்துல உன்னை மாதிரி ஒருத்தி இருந்ததே இல்ல. இது கேப்டன் வீடு."

"இருந்திருந்தா?"

அண்ணன் சிரித்தார். "ஒரே ஒருத்தியைக் காட்டு. என் கையாலேயே உன் பேரை எழுதறேன். முடியலைன்னா பிறந்தநாளுக்கு வா, சாப்பிடு, ஆனா போட்டோவுல நிக்காத."

அம்மா பக்கத்தில் நின்று ஒரு படம். அக்கா ஆசைப்பட்டது அவ்வளவுதான். அதுவும் கிடையாது என்று வாயால் சொல்லியாகிவிட்டது. "வாக்கு மாற மாட்டியே?" என்று மட்டும் கேட்டாள். அண்ணன் மீசையைத் தொட்டுக் காட்டினார். அந்த மனிதரிடம் அதற்கு மேல் சத்தியம் கிடையாது.

திங்கள்கிழமை கடைக்கு விடுமுறை. அக்கா கத்திரிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். கேள்வி கேட்டால் குட்டு விழுகிற குடும்பத்தில் கேட்காமலே பதில் வாங்கும் வித்தை அவள் கையில் இருந்தது. வயதான சொந்தக்காரர் வீடாகப் பார்த்துப் போவாள். "என்ன சித்தப்பா, தலை காடா கெடக்கு, உக்காருங்க. காசெல்லாம் வேணாம்" என்பாள். இலவசம் என்றால் வழுக்கைத் தலைக்காரரும் உட்காருவார். கழுத்தில் துணி, குனிந்த தலை, காதோரம் கத்திரி. அவ்வளவுதான், மடை திறந்துவிடும்.

ஒன்பதாம் மாடியில் புறாக்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த சித்தப்பாதான் முதலில். அவர் பெரியப்பா ஒருவர் ஒரே பெண்ணை இரண்டு முறை கல்யாணம் செய்துகொண்டாராம். முதல் தடவை சண்டை போட்டுப் பிரிந்து, அப்புறம் அவளுக்கு வேறு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மாப்பிள்ளைக்கு முன்னால் போய்ப் பெண் கேட்டிருக்கிறார். "ரெண்டாவது கல்யாணத்துக்கு மொய்யே விழல. முதல்ல வச்சதைத் திருப்பிக் கொடுன்னுட்டாங்க" என்று சித்தப்பா சிரித்த சிரிப்பில் அக்கா கத்திரியை நிறுத்த வேண்டியதாயிற்று. காது தப்பியது.

அடுத்த வாரம் ஒரு மாமா. அவர் சொன்னது புதிதாகத் திறந்த பாலத்தின் தலைமாட்டில் ஒரு மேஜை நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிக்கெல்லாம் சுங்கம் வசூலித்த முன்னோர் கதை. யாரும் அவரை வேலைக்கு வைக்கவில்லை. தொப்பி மட்டும் சொந்தமாக வாங்கியிருந்தார். கடைசியில் பாலத்தைப் பார்வையிட வந்த பெரிய அதிகாரியிடமே கையை நீட்டி மாட்டிக்கொண்டாராம். எவ்வளவு துணிச்சல் இருந்தால் அதிகாரியிடமே வசூல் கேட்பார். அக்காவுக்கு அந்த ஆளை ரொம்பப் பிடித்துப்போனது.

ஒழுங்கு, ஒழுங்கு என்று அண்ணன் அடித்துக்கொண்ட வம்சமா இது? வாரா வாரம் பஸ்ஸில் தனியே சிரித்துக்கொண்டு வந்த அக்காவைக் கண்டு கண்டக்டரே ஒருநாள் பக்கத்து சீட்டுக்காரரிடம் ஜாடையில் விசாரித்தார். செத்துப்போன சொந்தக்காரர்கள் மேல் இவ்வளவு பாசம் வரும் என்று அவள் நினைத்ததே இல்லை. ஆனால் ஒன்று இடித்தது. கூத்தடித்தவர்கள் எல்லோரும் ஆண்கள். பெண்கள் கதையின் ஓரமாக வந்து தட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். "அவ பேரென்ன மாமா?" என்று கேட்டால், "யாருக்குத் தெரியும், பொம்பளைதானே" என்பார்கள். ஒரு மாமாவுக்கு அன்று பின்கழுத்தில் கத்திரி கொஞ்சம் அழுத்தமாகவே பட்டது. தெரியாமல் பட்டது என்றுதான் அக்கா சொல்கிறாள்.

விழாவுக்கு முந்தின திங்கள்கிழமை பாக்கி இருந்தது ஒரே ஒரு அத்தை. அப்பாவுடைய அத்தை மகள். டயர் கடைக்கு மேலே குடியிருந்தாள். வாய் நீளம் என்பதால் குடும்பத்தில் யாரும் அவளோடு ஒட்டுறவு வைத்துக்கொள்ளவில்லை. படி முழுக்க ரப்பர் வாசம். கதவைத் திறந்த அத்தை, அக்காவின் பெட்டியையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஊர்ல இருக்கிற கிழடு கட்டைக்கெல்லாம் ஓசியில முடி வெட்டி வாயைக் கிளறுறவ நீதானா? இவ்வளவு லேட்டா வர்ற?"

"உங்களைப் பார்க்கப் பயமா இருந்துச்சு அத்தை."

"நியாயம்தான். முதல்ல டீ போடு."

டீ குடித்த பிறகு அத்தை தலையைக் கொடுத்தாள். அக்கா ஒளிவுமறைவில்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள். பலகை, பந்தயம், அண்ணன், கேப்டன் தாத்தா.

குனிந்திருந்த தலை நிமிர்ந்தது. "எந்தத் தாத்தா?"

"கேப்டன் தாத்தா. கூடத்துல படம் இருக்கே. மீசை, கோட்டு..."

அத்தை சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகி, கழுத்துத் துணியோடேயே எழுந்து உள்ளே போனாள். வரும்போது கையில் ஒரு பழைய பவுடர் டப்பாவும் ஒரு படமும் இருந்தன. டப்பாவைத் திறந்து நீட்டினாள். உள்ளே பஞ்சின் மேல் படுத்திருந்தது ஒரு மீசை. இரண்டு பக்கமும் கொக்கி போல வளைந்து, நுனி ஊசியாக.

படத்தில் அதே கோட்டு. இரண்டாவது பட்டன் காணோம். அதே பார்வை. ஆனால் மீசை கையில் இருந்தது. முடியைக் காதுக்கு மேல் ஒட்ட வெட்டிய ஒரு பெண், கோட்டுக்குக் கீழே பூப்போட்ட பாவாடையோடு, பல் அத்தனையும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க தாத்தாவுக்கு அம்மா. எங்கம்மாவுக்கும் அம்மா" என்றாள் அத்தை. "நாடகத்துல கப்பல் கேப்டன் வேஷம். ஊர் ஊரா கொட்டகை நிறையும். பெத்த பிள்ளைங்களே அவளை கேப்டன்னுதான் கூப்பிடும். நான் அவ மடியில உக்காந்து இந்த மீசையை ஒட்டிக்கிட்டு விளையாடியிருக்கேன்."

"புருஷன்?"

"நாடகமா நானான்னு கேட்டாராம். அவ அவரோட பெட்டியைத் தூக்கி வாசல்ல வச்சுட்டா. வீட்டு வாடகை அவதானே கட்டினா. அப்புறம் வேஷத்துக்குத் தோதா முடியை வெட்டிக்கிட்டா, ரெண்டு பிள்ளைங்களை வளர்த்தா, சொந்தமா ஒரு கம்பெனியே நடத்தினா. உங்க தாத்தா சல்யூட் வச்சது அவளுக்குத்தான். அவ போட்ட சோறுதானே."

"இதை ஏன் யாருமே எங்ககிட்ட சொல்லல?"

"யாராவது கேட்டீங்களா?"

அக்கா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புருஷனை விட்டவள். முடியை வெட்டியவள். நாலு பேருக்கு முன்னால் நின்று தொழில் செய்தவள். தேடின ஒருத்தி இத்தனை வருஷமும் அண்ணன் வீட்டுக் கூடத்திலேயே, மரத்தின் உச்சி இலையிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறாள். பக்கத்திலேயே, இருந்தே இராத பெண்டாட்டிக்கு ஓர் இலை வேறு. சந்தோஷத்தில் அக்கா அழுதாள், சிரித்தாள், அத்தையின் பாதித் தலையை வெட்டாமலேயே புறப்பட்டவளை அத்தை சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்த வேண்டியிருந்தது.

வீடு திரும்பும் வழியில்தான் அண்ணன் நினைவுக்கு வந்தார். அப்பா திடீரென்று போனபோது அவருக்கு இருபது வயது, அவளுக்குப் பன்னிரண்டு. படிப்பையும் வேலையையும் ஒன்றாக இழுத்துக்கொண்டு வீட்டைத் தூக்கி நிறுத்தியவர் அவர். பயந்தால் அந்தப் படத்தின் முன்னால் போய் நிற்பார். மீசை அப்போது வைத்ததுதான். நாலு பேர் முன்னால் அந்த மனுஷனின் மீசையில் கைவைக்க அக்காவுக்கு மனசு வரவில்லை. அதற்காகத் தன் இலையை விட்டுக்கொடுக்கவும் மனசில்லை.

விழா அன்று அண்ணன் வீட்டில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். ஒன்பதாம் மாடிச் சித்தப்பா, கழுத்தில் கத்திரி பட்ட மாமா, எல்லோரும் அக்கா வெட்டிவிட்ட தலையோடு வந்திருந்தார்கள். அக்கா டயர் கடை அத்தையைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து அம்மா பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, அண்ணனை மடக்கு நாற்காலிகள் அடுக்கியிருந்த பின்னறைக்கு அழைத்துப் போனாள். கதவைச் சாத்தினாள். டப்பாவையும் படத்தையும் கையில் கொடுத்து, நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள்.

அண்ணன் படத்தைப் பார்த்தார். ஜன்னலோரம் கொண்டுபோய் மறுபடி பார்த்தார். டப்பாவைத் திறந்தார். அவருடைய கை தானாகத் தன் மீசைக்குப் போய், பாதியில் நின்றது. ஒரு நாற்காலியை விரித்து உட்கார்ந்தார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்து அக்கா கிட்டே போனாள். மனுஷர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீரும் இருந்தது.

"நாப்பது வருஷம்" என்றார். "தினமும் காலையில கொள்ளுப்பாட்டியோட ஒட்டு மீசையைப் பார்த்து வெட்டியிருக்கேன்."

"அண்ணா, வெளிய சொல்ல வேணாம்னா..."

"இரு. இவங்க ஒத்த ஆளா நின்னுதான் வீட்டைக் காப்பாத்தினாங்களா?"

"ஆமா."

"அப்ப நான் தப்பான ஆளைக் கும்பிடல." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உன்னைத்தான் தப்பாப் பேசிட்டேன். வா, வாக்குன்னா வாக்கு."

கூடத்துக்கு வந்து, பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனை நேரத்தில் தட்டுவது போலக் கையைத் தட்டினார். கூட்டம் அடங்கியது. படத்தைத் தூக்கிக் காட்டி, ஒரு வரி விடாமல் எல்லாவற்றையும் அவரே சொன்னார். பிறகு தூரிகையை எடுத்தார். 'அவர் மனைவி' என்றிருந்த இலையில் மனைவியை அழித்துக் கணவர் என்று எழுதினார். 'பெயர் தெரியவில்லை' என்பதை அப்படியே விட்டார். பெண்கள் பக்கத்திலிருந்து கிளம்பிய சிரிப்பில் ஜன்னல் அதிர்ந்தது. அப்பா அம்மா பெயரிலிருந்து ஒரு புதுக் கிளை இழுத்து, இலை வரைந்து, தங்கையின் பெயரை முத்து முத்தாக எழுதினார். பக்கத்து இலைகளைவிட அது கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது.

"என்ன தம்பி, மீசையில மண் ஒட்டலியே?" என்று டயர் கடை அத்தை அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"ஒட்டிடுச்சு அத்தை. தட்டி விட்டுட்டேன்" என்றார் அண்ணன்.

படம் எடுப்பவர் எல்லோரையும் வரிசையாக நிறுத்தத் தொடங்கினார். அக்கா அம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள். அதற்குள் அம்மா கையை உயர்த்தினாள். இத்தனை வருஷத்தில் அவள் சபையில் வாய் திறந்து அன்றுதான் பார்க்கிறார்கள்.

"கொஞ்சம் பொறுங்கப்பா." பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டாள். "ஏண்டி, கத்திரிப் பெட்டி கொண்டாந்திருக்கியா?"

"அது எப்பவும் கூடவே இருக்கும்மா."

"கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து இந்தப் பாரத்தைச் சுமக்கிறேன். கழுத்து போச்சு. கேப்டனுக்கு இருக்கிற மாதிரி வெட்டி விடு."

அண்ணி ஐயையோ என்று வாயில் கைவைத்தாள். அம்மா மகனைப் பார்த்தாள். கேட்கிற பார்வை இல்லை அது. அண்ணன் தாமே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் போட்டார். துண்டை உதறி அம்மாவின் கழுத்தில் கட்டியதும் அவர்தான். அக்கா கத்திரியை எடுத்தாள். அம்மா தலையைக் குனிந்தாள். காதோரம் கத்திரி முணுமுணுத்தது. அம்மா மெல்லச் சொன்னது மகளுக்கு மட்டும்தான் கேட்டது.

"உன் கடைக்கு வரணும்னு ஒவ்வொரு நாளும் நினைச்சேன்டி. கேக்கப் பயந்துட்டேன்."

பின்னல் தரையில் விழுந்தது. அம்மா கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். வலி இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பிறகு எட்டி அந்தப் பவுடர் டப்பாவை வாங்கி, மீசையை எடுத்துத் தன் மேலுதட்டில் வைத்து விரலால் அழுத்திக்கொண்டாள். "இப்ப எடு" என்றாள் படம் எடுப்பவரிடம்.

அந்தப் படத்தின் ஒரு பிரதி அண்ணன் வீட்டுக் கூடத்தில் கேப்டனுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. இன்னொன்று கத்திரி அக்காவின் கடையில், கண்ணாடிக்கு மேலே. புதிதாக வருகிறவர்கள் தலை குனியுமுன் அண்ணாந்து பார்த்து, உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருக்கிற அந்த மீசைக்காரப் பெரியவர் யார் என்று கேட்பார்கள். கேட்பவர்களை அக்காவுக்கு ரொம்பப் பிடிக்கும்.

"எங்கம்மா" என்பாள்.